முப்பத்தைந்துக்கு மெஷின் நிற்கும்

காலை ஆறு பத்துக்கு நவமணி சபா மாநிலத்துக்குப் போன் போடுகிறார். கோத்தா கினபாலுவில் ஆசிரியையாக இருக்கும் அண்ணன் மகள் தினேஸ்வரி அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குக் காரை எடுப்பாள். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

"நேத்து அங்க எவ்ளோ போச்சு?"

"முப்பத்தி மூணு, அத்தே."

"வெளிய நின்னு பாத்தியா, போன்ல பாத்தியா?"

"போன்லதான் லா. நான் என்ன வெயில்ல நின்னு அளந்துகிட்டா இருக்கேன்."

"சரி, பென்சில்ல போட்டுக்கிறேன்."

சமையலறைச் சுவரில் சீன மளிகைக்கடை கொடுத்த பெரிய காலண்டர் தொங்குகிறது. குதிரைப் பந்தய நாள்களுக்குச் சின்னக் குதிரை அச்சடித்திருக்கும் காலண்டர். ஒவ்வொரு கட்டத்திலும் நவமணியின் எழுத்து. மேல் மூலையில் அன்றைய கூடுதல் சூடு, கீழ் மூலையில் குறைந்த சூடு. பென்சிலில் இருந்தால் கேள்விப்பட்டது. பேனாவில் இருந்தால் தன் கண்ணால் பார்த்தது. இந்த வித்தியாசத்தை மேடையில் மைக் பிடிக்கும் பல பெரிய ஆட்கள் சாகும்வரை கற்றுக்கொள்வதில்லை.

நவமணிக்கு ஐம்பத்தேழு வயது. பத்து காஜா ஊர்ப் பக்கம் சாலையோரப் புல் வெட்டுகிறார். ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் எழுந்த தாமான் குடியிருப்பில், அடுக்குமாடியின் நாலாவது மாடியில் வீடு. ஐந்தடிக்குக் குறைவான உயரம். பத்துக் கிலோ மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு போகும்போது பின்னாலிருந்து பார்த்தால் மெஷினுக்குக் கால் முளைத்து நடப்பது போல இருக்கும். தலையில் துண்டு, துண்டுக்கு மேல் தொப்பி, முகத்தைச் சுற்றி இன்னொரு துண்டு. கண் மட்டும் வெளியே தெரியும். வலது முன்கையில் மெஷினின் புகைக்குழாய் சுட்ட தழும்பு. மற்றவர்கள் ஐஸ் போட்ட தே ஓ தேநீர் குடிக்கும்போது அவர் சுடுதண்ணீர் கேட்பார். "ஐஸ் குடிச்சா வாய் ஏமாந்துரும். ஒடம்பு ஏமாறாது" என்பது அவர் கட்சி.

நாட்டிலேயே அதிகச் சூடும் அதிகக் குளிரும் பதிவான நாள் அவருக்கு மனப்பாடம். பெர்லிஸில் சுப்பிங், தொண்ணூற்றெட்டு ஏப்ரல் ஒன்பது, நாற்பது புள்ளி ஒன்று. கேமரன் மலை, எழுபத்தெட்டு பிப்ரவரி ஒன்று, ஏழு புள்ளி எட்டு. தன் கல்யாணத் தேதியைக் கேட்டால் ஒரு நொடி யோசிப்பார். இந்த இரண்டுக்கும் யோசிக்க மாட்டார்.

"நம்ம நாடு எவ்ளோ பெருசு தெரியுமா? மேல பெர்லிஸ்ல ஒருத்தன் நாப்பதுல வெந்தான். இந்தா இருக்கு மலை, அங்க ஒருத்தன் ஏழுல வெறைச்சான். ரெண்டு பேருக்கும் ஒரே நாட்டு ஐசி கார்டுதான்."

சாலையோரத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் முகம்மது கௌஸுக்கு இது பழகிவிட்டது. வடக்கிலிருந்து லாரி வந்து நின்றால் புல் வெட்டும் இடத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "அக்கா, கங்கார் லாரி. கேட்டுக்குங்க." முகத்தை மூடிய ஒரு குட்டை உருவம் முதுகில் மெஷினோடு நடந்து வந்து, "தம்பி, பெர்லிஸ்ல நேத்து எவ்ளோ சூடு?" என்று கேட்கும்போது லாரிக்காரன் முழிப்பான். ஒருவன் ரம்புத்தான் பழத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டான். பழத்தை வாங்கிக்கொண்டு மறுபடியும் கேட்டார்.

இதெல்லாம் ஒரு கண்ணாடிக் குழாயில் தொடங்கியது. இரண்டு கால் போல வளைந்த குழாய், உள்ளே பாதரசம். ஒரு காலில் கூடுதல் சூடு, மறு காலில் குறைந்த சூடு. பாதரசம் தள்ளிவிட்ட சின்ன இரும்புத் துணுக்கு, பாதரசம் இறங்கிய பிறகும் அதே இடத்தில் நிற்கும். எந்த உயரத்துக்குப் போனது என்பதை மறைக்க முடியாது. பூசிங் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் நவமணி பதினாலு வருசம் வேலை செய்தார். கொட்டகைக்கு ஒன்றாக இந்தக் கண்ணாடி தொங்கியது. முப்பத்தைந்தைத் தொட்டால் பெரிய காத்தாடியைப் போட வேண்டும், அதற்கு மேல் போனால் கூரையில் தண்ணீர் அடிக்க வேண்டும். பண்ணையை மூடியபோது வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி சொன்னார். மற்றவர்கள் வாளியையும் தீவனத் தொட்டியையும் எடுத்தார்கள். நவமணி கண்ணாடியை எடுத்தார். "எதுக்கு எடுத்தேன்னு அப்ப எனக்கே தெரியாது" என்கிறார்.

தெரிய ஒரு வருசம்கூட ஆகவில்லை. காண்ட்ராக்டர் ஐயாவுவின் புல் வெட்டும் கூட்டத்தில் சேர்ந்த முதல் வெயில் காலம். அது கொடுமையான வருசம். கூட வேலை செய்த கார்த்திகேசு மத்தியானம் இரண்டரை மணிக்குச் சாலையோரத்தில் விழுந்தார். முதுகில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஐயாவுவே தன் லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. நாற்பத்து நாலு வயது. சூட்டில் போன உயிர்.

எட்டாம் நாள் படையல் வைத்து எட்டுக் கும்பிட்ட மறுநாள் எல்லாரும் வேலைக்கு வந்தார்கள். அன்றைக்கு நவமணி பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். தூங்குமூஞ்சி மரத்துக் கிளையில் நைலான் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார். ஐயாவு வந்து இறங்கியதும் அவரிடம் சொன்னார்:

"அண்ணே, கோழிக்கு முப்பத்தஞ்சுல காத்தாடி போட்டாங்க. கோழி செத்தா மொதலாளிக்கு நட்டம். கார்த்திகேசு செத்ததுல யாருக்கு நட்டம்னு நீங்களே சொல்லுங்க."

ஐயாவு மோசமான மனிதர் இல்லை. தலையாட்டினார். அன்றிலிருந்து ஒரு விதி. கண்ணாடி முப்பத்தைந்தைக் காட்டினால் மெஷின் நிற்கும். ஏழு பேரும் நிழலுக்குப் போவார்கள். சூடு இறங்கினால் திரும்ப வெட்டுவார்கள், இறங்காவிட்டால் நாலு மணிக்குத்தான் திரும்ப மெஷினைத் தூக்குவார்கள். கையெழுத்து இல்லை, தாள் இல்லை. எத்தனையோ கூட்டம் போட்டு, எத்தனையோ தீர்மானம் எழுதி, எத்தனையோ வாசலில் மனுவோடு நின்று வாங்க முடியாத ஒன்றை ஒரு புல் வெட்டும் பெண் மூன்று வாக்கியத்தில் வாங்கினார். அதற்குப் பிறகு ஐயாவு கூட்டத்தில் ஒருவரும் விழவில்லை.

தாளில் இல்லாத ஒப்பந்தம் ஓர் எண்ணின் மேல்தான் நிற்கும். எண் பொய்யானால் ஒப்பந்தமும் போய்விடும். இதை யாரும் நவமணிக்குச் சொல்லித் தரவில்லை. நெஞ்சு உயரத்தில், நிழலில், காற்று ஊடே போகிற இடத்தில்தான் கண்ணாடியை மாட்டுவார். தார்ச்சாலைப் பக்கம் கூடாது, சுவர்ப் பக்கம் கூடாது. "வெயிலோட சூடு வேற, காத்தோட சூடு வேற. நான் காத்த அளக்குறேன்." முப்பத்து நாலரை என்றால் முப்பத்து நாலரைதான். மயக்கம் வருகிற மாதிரி இருக்கிறது, ஒரு கோடு கூட்டிச் சொல்லு என்று கூட்டாளிகள் கெஞ்சியிருக்கிறார்கள். "மயக்கம் வந்தா போயி ஒக்காரு, உன் வெட்ட நான் வெட்டுறேன். கோட்ட மட்டும் கேக்காத" என்பார். வெட்டியும் கொடுப்பார்.

இந்தக் கண்ணாடிக்கு ஓர் எதிரி உண்டு. ஐயாவுவின் தங்கை மகன் ரூபன். இரண்டு வருசமாக சூப்பர்வைசர். புல் உயரமாக இருக்கிறது என்று மேலிடத்திலிருந்து வரும் ஏச்சு முதலில் அவன் காதில்தான் விழும். மற்ற காண்ட்ராக்டர்களின் ஆட்கள் வெயிலில் நிற்காமல் வெட்டுவதைத் தினமும் மோட்டார் சைக்கிளில் பார்த்துக்கொண்டு வருகிறவன்.

"போன்ல முப்பத்தி மூணுதான் காட்டுது, அக்கா."

"அந்தப் போன கழுத்துல மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் வெட்டிப் பாரு, தம்பி. அப்புறம் அதுகிட்டயே கேளு."

ரூபன் சிரித்துவிட்டுப் போவான். ஆனால் மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தான்: அந்தக் கண்ணாடி என்றைக்காவது ஒருநாள் பொய் சொல்லும், அன்றைக்கு இந்த வழக்கத்தை முடித்துவிடலாம்.

அந்த ஒருநாள் இந்த வருசம் சித்திரையில் வந்தது.

தெலுக் இந்தானில் மகள் ஷாமினிக்குப் பிரசவம். நவமணி பதினோரு நாள் லீவு எடுத்தார். கண்ணாடி அவர் கையை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் வாய் ஓயாத சரளாவிடம் கொடுத்து, "மரத்துல மாட்டு, படிச்சு சொல்லு, வேற ஒண்ணும் செய்யாத" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

சரளா வேறு ஒன்று செய்தாள்.

அவள் புருசன் வெல்டர். வீட்டுக்கு வெளியே வைக்கும் சாமி மேடை செய்து விற்பவன். நம் உயிரை இத்தனை வருசம் காத்த பொருள் இப்படி நைலான் கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கிறதே, அக்கா திரும்பி வரும்போது அசந்து போகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆறு பேரும் கூடிப் பேசினார்கள். வெள்ளிக்கிழமை மேடை வந்தது. சிவப்புப் பெயிண்ட், தகரக் கூரை, மூன்று பக்கமும் அடைப்பு, முன்னால் தூசி போகாமல் இருக்கக் கண்ணாடிக் கதவு. மரத்தடியில் வேர் புடைத்திருந்ததால் நிழல் முடிகிற இடத்தில் செங்கல் அடுக்கி நிறுத்தினார்கள். கண்ணாடியை உள்ளே மாட்டினார்கள். கூட்டத்தில் நவமணிக்கு அடுத்து மூத்தவரான பத்துமலை மேடைச் சட்டத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். தேங்காய் உடைத்தார்கள், சூடம் காட்டினார்கள். ஒருவர் மனதிலும் கள்ளம் இல்லை. உள்ளே கண்ணாடி வேகத் தொடங்கியது.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. தினமும் இரண்டு மணிக்கெல்லாம் மெஷின் நின்றது. ரூபன் வந்தான். தன் போனைப் பார்த்தான், மேடையைப் பார்த்தான். இரண்டையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனான். ஏழாவது வேலை நாள், அடுத்த வெள்ளிக்கிழமை, சரளா தெலுக் இந்தானுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, சுப்பிங் போச்சு. நாப்பது புள்ளி ஆறு. இனிமே நாட்டுலயே நம்ம பத்து காஜாதான் ஃபர்ஸ்ட்டு."

பேரனை மடியில் வைத்திருந்த நவமணி பிள்ளையோடு எழுந்து நின்றுவிட்டார். சந்தோசம்தான். பொய் சொல்வானேன். பெர்லிஸையும் சபாவையும் போனில் துரத்திக்கொண்டிருந்த பெண்ணுக்கு, தன் மரத்தடிக்கே அந்த எண் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும். அரை நிமிசம் அப்படியே நின்றார். பிறகு அவருடைய பழக்கம் அவரை விடவில்லை.

"காத்து அடிச்சுச்சா?"

"நல்லா அடிச்சுச்சு. ஆனா உள்ள வராதுலா, அக்கா."

"எதுக்குள்ள?"

"நீங்க வந்து பாருங்களேன்" என்று சொல்லிவிட்டுச் சரளா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. நவமணி முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், பதினொன்றரை மணிக்குத் துணிப்பையோடு மரத்தடியில் நின்றார். ஆறு பேரும் மெஷினை இறக்கிவிட்டு வரிசையாக நின்றார்கள். பத்துமலை தோளில் கிடந்த துண்டால் மேடையை ஒரு துடை துடைத்துவிட்டு ஒதுங்கினார்.

நவமணி மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தகரக் கூரையில் கை வைத்தார், வெடுக்கென்று எடுத்தார். கதவைத் திறந்தார். அனல் முகத்தில் அடித்தது. கண்ணாடிக்குக் கீழே எண்ணெய் காய்ந்த அகல் விளக்கு.

"இது எப்ப வச்சது?"

"நேத்துதான், அக்கா" என்றார் பத்துமலை. "வெள்ளிக்கிழம விளக்கு ஏத்தாம எப்படி?"

"வெளிய வைக்க வேண்டியதுதான?"

"வெளிய வச்சா காத்துல அணைஞ்சு அணைஞ்சு போவுது."

முதலில் சிரித்தது நவமணிதான். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, மேடையின் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். "அப்ப சுப்பிங்?" என்று சரளா கேட்டாள். "சுப்பிங் அங்கேயேதான் இருக்கு. அத இங்கருந்து யாரும் அசைக்கல" என்றார். சொல்லி முடிக்கும்போது சிரிப்பு நின்றிருந்தது.

கண்ணாடியை எடுத்துத் துடைத்து, பழைய கிளையில் பழையபடி மாட்டினார். மேடைக்குள் முப்பத்தெட்டைக் காட்டிய பாதரசம் அரை மணி நேரத்தில் முப்பத்து நாலில் வந்து நின்றது. நாலு பாகை வித்தியாசம். சரளா எழுதி வைத்திருந்த எண்களை வாங்கி ஒவ்வொன்றிலும் நாலைக் கழித்தார். இரண்டு நாள் உண்மையிலேயே முப்பத்தைந்தைத் தொட்டிருந்தது. நாலு நாள் தொடவில்லை. விளக்கு ஏற்றிய நாளை எப்படிக் கழிப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

"அதையும் பொய்யிலயே சேத்துரு" என்றார். ஏழு நாளில் ஐந்து நாள்.

சரளா மேடைக் கதவைச் சாத்தினாள். "உங்களுக்குப் பெருமையா இருக்கும்னுதான் அக்கா செஞ்சோம்."

"தெரியும்டி. மேடை அழகா இருக்கு. வீட்டுக்குக் கொண்டு போயி முருகன வை. முருகன் சூடு தாங்குவாரு."

பத்துமலை கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "தாப்பா லா, பரவால்ல அக்கா. நடந்தது நடந்துருச்சு, விடுங்க. ஐயாவு ரெண்டு மணிக்கு வருவாரு, வரதுக்குள்ள மேடைய தூக்கிருவோம். திங்கக்கிழமையிலருந்து மரத்துல மாட்டுங்க. யாரு கேக்கப் போறா?"

"ரூபன் போட்டோ எடுத்து வச்சிருக்கான்னு சரளா இப்பதான சொன்னா."

"அவன் எடுத்தா எடுக்கட்டும். நாமளா வாய தொறந்தா மாட்டிக்குவோம். இன்னையோட கண்ணாடி போயிரும், மத்தியானம் பூரா வெயில்ல நிக்கணும்."

"அவன் வாயால சொன்னா அது கள்ளத்தனம், பத்துமலை. நம்ம வாயால சொன்னா தப்பு. தப்புக்கு ஈடு கட்டலாம்." சொல்லிவிட்டுத் துண்டைத் தலையில் கட்டினார். "நாளைக்கு நெசமாவே நாப்பது வரும். அன்னைக்கு நான் நாப்பதுன்னு கத்தினா அவங்க நம்பணும். நம்பலன்னா யாரு விழப் போறது? நீயா, நானா, இவளா?"

கார்த்திகேசுவைத் தூக்கியவர்களில் பத்துமலையும் ஒருவர்.

இரண்டு மணிக்கு ஐயாவுவின் லாரி வந்தது. பக்கத்தில் ரூபன். ஐயாவு கதவைத் திறப்பதற்குள் நவமணி போய் நின்றார்.

"அண்ணே, ஏழு நாள் கண்ணாடி இந்தப் பெட்டிக்குள்ள கெடந்து வெந்துருக்கு. அஞ்சு நாள் முப்பத்தஞ்சு வராமயே இவங்க வேலைய நிப்பாட்டிட்டாங்க. நேத்து நாப்பது புள்ளி ஆறுன்னு சொன்னது பொய். தெரியாம நடந்ததுதான். ஆனா நடந்துருக்கு."

ரூபன் கையில் போன் தயாராக இருந்தது. காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் விடவில்லை. "நான்தான் சொன்னேன்ல, மாமா. இந்தக் கண்ணாடி வெளையாட்டே வேணாம். போன்ல அரசாங்கமே சூடு போடுது, அதப் பாத்துக்கலாம்."

ஐயாவு இறங்கி மேடை வரை நடந்தார். கதவைத் திறந்து மூடினார். குங்குமத்தைப் பார்த்தார். "யாரு செஞ்சது?"

சரளா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

"கதவெல்லாம் வச்சிருக்க" என்றார் ஐயாவு. அவர் வாய் ஓரம் துடித்தது. சிரிக்காமல் சமாளித்துக்கொண்டு நவமணி பக்கம் திரும்பினார். "அஞ்சு நாளைக்கு என்ன பண்றது?"

"ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம், மொத்தம் பத்து மணி நேரம் போயிருக்கு. திங்கக்கிழமையிலருந்து பத்து நாளைக்கு எட்டுக்குப் பதிலா ஏழு மணிக்கு மெஷின தூக்குறோம். குளிர்ச்சியிலயே ஈடு கட்டிருவோம்."

பின்னால் யாரோ முனகினார்கள். நவமணி திரும்பிப் பார்க்கவில்லை.

"அது சரி. கண்ணாடிய என்ன பண்றது?"

கேள்வி அதுதான். ஏழு பேரின் மத்தியானங்கள் அந்த ஒரு கேள்வியில் தொங்கின. கெஞ்சியிருக்கலாம். கார்த்திகேசுவின் பெயரை எடுத்திருக்கலாம், ஐயாவு கரைந்திருப்பார். நவமணி இரண்டையும் செய்யவில்லை.

"கண்ணாடி மரத்துல இருக்கு, அண்ணே. இனிமே நான் படிக்கல. ரூபன் படிக்கட்டும். சந்தேகம் அவனுக்குத்தான. நெதம் அவனே நின்னு கண்ணால பாக்கட்டும். முப்பத்தஞ்சு வந்தா அவன் கைய தூக்கட்டும், நாங்க நிப்பாட்டுறோம். தூக்கலைன்னா வெட்டிக்கிட்டே இருப்போம்."

"அக்கா, என்ன பேசுறீங்க" என்று சரளா கையைப் பிடித்து இழுத்தாள். ரூபன் மாமாவைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான். ஐயாவு ரூபன் பக்கம் திரும்பினார்.

"கேட்டியாடா? போயி நில்லு."

"மாமா, எனக்கு வேற வேல இருக்கு..."

"வேணாம்னு சொல்றவன் ஒருவாட்டியாவது பாத்துட்டு வேணாம்னு சொல்லணும். போ. இப்ப எவ்ளோ காட்டுது?"

ரூபன் குனிந்து பார்த்தான். எந்தக் காலில் பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறினான். கடைசியில் அவனே கண்டுபிடித்தான். "முப்பத்தி நாலு. அதுக்கு மேல ரெண்டு கோடு."

"அப்ப வேல நேரம்" என்றார் நவமணி. பையைப் பத்துமலையின் மோட்டாரில் மாட்டிவிட்டு மெஷினைத் தூக்கினார். அவருக்கு அன்றைக்கும் லீவுதான்.

ஏழு மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தத் தொடங்கின. இரண்டேகால் மணி வெயில் தார்ச்சாலையில் பட்டு எழும்பி முழங்காலைப் பிடித்தது. வெட்டுப்பட்ட புல் பொடியாகி வேர்வையில் ஒட்டியது. இத்தனை நாள் மெஷின் தூக்காத தோளில் வார் அழுந்தியது. நவமணி வழக்கம்போல இடமிருந்து வலமாக வீசிக்கொண்டு போனார். பக்கத்தில் வெட்டிய சரளா நாலு வீச்சுக்கு ஒருமுறை மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். இவர் திரும்பவில்லை. அவன் தூக்காமல் விட்டால் என்ன செய்வது என்று அவரும் யோசித்திருப்பார். பத்து வருசம் கட்டிக் காத்ததை எதிரியின் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஆனால் வெட்டின புல்லில் ஒரு மேடு பள்ளம் இல்லை.

மரத்தடியில் ரூபன் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு குந்தினான். போன் அடித்தது, எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டான். கண்ணாடிக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தான். எழுந்தான். நிழல் சற்று நகர்ந்து வெயிலின் ஒரு பொட்டு கிளையில் விழுந்ததைக் கண்டு, கயிற்றை அவிழ்த்து ஒரு முழம் உள்ளே தள்ளிக் கட்டினான். கட்டிவிட்டு மறுபடி காத்திருந்தான். ஜன்னலை ஏற்றிய லாரிக்குள் ஐயாவு ஏர்கோன் குளிரில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் பார்க்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை.

இரண்டே முக்கால் ஆகியிருக்கும். ரூபன் குனிந்தான். நிமிர்ந்து லாரியைப் பார்த்தான். இன்னொரு தடவை குனிந்தான். பிறகு நிழலை விட்டு வெளியே வந்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வெயிலில் சாலை ஓரம் வரை நடந்து, வலது கையை உயரத் தூக்கினான்.

ஒரு மெஷின் அணைந்தது. அடுத்தது, அதற்கு அடுத்தது. கண்ணாடியைப் பார்க்கச் சரளா மெஷினைக்கூட இறக்காமல் ஓடினாள், பின்னாலேயே பத்துமலையும் போனார். நவமணி தன் மெஷினை அணைத்தார். நிழலின் ஓரத்துக்கு வந்து அதை இறக்கி வைத்தார். தொப்பியைக் கழற்றினார். மரத்துக்கும் கண்ணாடிக்கும் முதுகைக் காட்டிப் புல்லில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டார்.